வெஸ்டல் (பழுதுபார்ப்புக் கப்பல்)

வெஸ்டல்: அமெரிக்கக் கடற்படையின் பழுதுபார்ப்புக் கப்பல். முதலில் நிலக்கரிக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1913 முதல் 1946 வரை பழுதுபார்ப்புப் பணியில் இருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் அரிசோனா போர்க்கப்பலை ஒட்டி நின்றதால் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. ஆனால் அதன் உண்மையான சாதனைகள் அதற்குப் பிறகு, தென் பசிபிக் தீவுகளின் நங்கூரத் துறைகளில் நிகழ்ந்தவை.

தோற்றம்: நியூயார்க் கடற்படைத் தளத்தில் 1908 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 465 அடி. போர்க்கப்பல்கள் நிலக்கரியில் ஓடிய காலம் அது. அவற்றுக்குக் கரி கொண்டு செல்வதற்காக 1909இல் பணியில் சேர்ந்தது. அப்போது அதன் மாலுமிகள் கடற்படையைச் சேராத பொதுமக்கள். பின்னர் பாஸ்டன் தளத்தில் இது பட்டறைக் கப்பலாக மாற்றப்பட்டு, 1913 செப்டம்பர் 3 அன்று மீண்டும் பணியேற்றது. இத்தகைய கப்பலில் பீரங்கிகளைவிடக் கடைசல் எந்திரங்களும் உலைகளும்தான் முக்கியம். தச்சர், கொல்லர், வார்ப்படக்காரர், குழாய் வேலைக்காரர், மின்பணியாளர், முக்குளிப்போர் எல்லோரும் கடற்படைச் சீருடையிலேயே இருப்பார்கள். முதல் உலகப் போரில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறையில் வெஸ்டல் வேலை பார்த்தது. 1925இல் மூழ்கிய எஸ்-51 நீர்மூழ்கியை மீட்கும் பணியிலும் பங்கேற்றது.

பேர்ல் ஹார்பர்: அரிசோனாவில் சில பழுதுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால், டிசம்பர் 6 அன்று வெஸ்டல் அதன் பக்கத்தில் கட்டப்பட்டது. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது வெஸ்டல் மீதும் இரண்டு குண்டுகள் விழுந்தன. ஒன்று மூன்று தளங்களைத் துளைத்துச் சரக்கறையில் வெடித்தது. மற்றொன்று தச்சுப் பட்டறை வழியாக இறங்கி அடித்தட்டில் ஓட்டை போட்டது. 8 மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் அரிசோனாவின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அந்த அதிர்வு, வெஸ்டலில் எரிந்துகொண்டிருந்த தீயை விளக்கை ஊதி அணைப்பதுபோல அணைத்தது. தளத்தில் நின்றவர்களையும் கடலில் வீசியது. வீசப்பட்டவர்களில் கப்பல் தலைவர் காசின் யங்கும் ஒருவர். அவர் எண்ணெய் படிந்த நீரில் நீந்தி மீண்டும் கப்பலேறியபோது, மாலுமிகள் கப்பலைக் கைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலைக் கைவிடும் ஆணையை ரத்துசெய்து, எல்லோரையும் திரும்ப அழைத்து, நீர் ஏறிச் சாய்ந்துகொண்டிருந்த கப்பலை ஐயேயா கரையோரம் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தார். இதனால் கப்பல் மூழ்காமல் தப்பியது. யங்குக்கு அமெரிக்காவின் உயரிய வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. தளத்தின் பட்டறைகளுக்கு வேறு வேலைகள் மலையாகக் குவிந்திருந்ததால், வெஸ்டலின் மாலுமிகள் தங்கள் கப்பலைத் தாங்களே பழுதுபார்த்துக்கொண்டார்கள்.

தென் பசிபிக்: 1942 ஆகஸ்டில் வெஸ்டல் டோங்காத் தீவுக்குப் புறப்பட்டது. அங்கே 60 நாட்களில் 58 கப்பல்களுக்காக 963 வேலைகளை முடித்தது. டார்பிடோ தாக்கிய சரடோகா விமானந்தாங்கியும் பவளப்பாறையில் மோதிய சவுத் டகோட்டா போர்க்கப்பலும் அவற்றுள் அடங்கும். இந்தக் கப்பல்களைத் தாயகத் துறைமுகம் வரை அப்படியே அனுப்ப முடியாது, வழியில் உடைந்துபோகும். ஆகவே கடலைத் தாங்கும் அளவுக்காவது அவற்றைக் கட்டிக்கொடுப்பதுதான் வெஸ்டலின் வேலை.

பிறகு நூமேயா, அதன்பின் எஸ்பிரிட்டு சாண்டோ. இந்த இரண்டாவது துறையில் ஓராண்டில் 279 கப்பல்களிலும் கரைப் பணிகளிலுமாக 5,603 வேலைகள் நடந்தன. பென்சகோலா என்ற குரூசர் கப்பல் வந்த நிலை குறிப்பிடத்தக்கது. 1942 நவம்பர் 30 இரவு டசஃபரோங்கா போரில் டார்பிடோ தாக்கியதால், அதன் பின்பகுதி சில தகடுகளையும் ஒரு சுழலித் தண்டையும் மட்டுமே பற்றித் தொங்கி, நீரோட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. இப்படியொரு பழுதுக்கு எந்தக் கையேட்டிலும் வழிமுறை இல்லை. வெஸ்டல்காரர்கள் உள்ளே முட்டுக் கொடுத்து, ஓட்டைகளை அடைத்து, நீரை இறைத்து, தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தார்கள். பாரம் குறைக்க ஒரு பீரங்கி மேடையைத் தூக்கி எடுத்தார்கள். தலா ஏழு டன் எடையுள்ள சுழலிகளைக் கழற்ற, முக்குளிப்போர் நீருக்கடியில் வெட்டும் சுடரோடு இறங்கினார்கள். அசையாதவற்றை டைனமைட் வைத்து அசைத்தார்கள். பென்சகோலா 1943 ஜனவரியில் பேர்ல் ஹார்பர் போய்ச் சேர்ந்தது. போர்க்களத்தில் ஒரு வெற்றிக்குத் தரும் மதிப்பை இந்தப் பணிக்கும் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குவாடல்கனால் போரில் குண்டுகளால் சிதைந்த சான் பிரான்சிஸ்கோ என்ற குரூசரும் வெஸ்டலிடம்தான் வந்தது. அதன் தலைவராக இருந்து 1942 நவம்பர் 13 அன்று அப்போரில் உயிர்நீத்தவர் காசின் யங். தங்கள் பழைய தலைவரின் கப்பலைப் பழுதுபார்க்கும் நிலை அவருடைய மாலுமிகளுக்கு வாய்த்தது.

போரின் இறுதிக் கட்டத்தில் உலித்தியிலும், ஒகினாவாவை அடுத்த கெராமா தீவுகளிலும், தற்கொலை விமானங்கள் தாக்கிய கப்பல்களை வெஸ்டல் சீர்செய்தது. 1946 ஆகஸ்டில் பணி ஓய்வு பெற்றது. 1950இல் உடைப்புக்கு விற்கப்பட்டது.

நினைவுகளும் அங்கீகாரமும்: பேர்ல் ஹார்பரில் வெஸ்டல் மாலுமி ஜோ ஜார்ஜ் செய்த செயல், உயிர் பிழைத்தவர்களின் நினைவாலேயே வெளிச்சத்துக்கு வந்தது. தீயில் கருகியபடி அரிசோனாவின் முன்பாய்மர மேடையில் சிக்கியிருந்த ஆறு பேருக்கு அவர் கயிறு எறிந்தார். கீழே நீர்ப்பரப்பில் எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. தோல் உரிந்த கைகளால் அவர்கள் ஏறக்குறைய 70 அடி தூரம் அந்தக் கயிற்றைப் பற்றிக் கடந்தார்கள். அரிசோனாவில் 1,177 பேர் இறந்தனர். கயிற்றைக் கடந்தவர்களில் ஒருவர் அம்மாத இறுதிக்குள் காயங்களால் இறந்தார், ஐவர் பிழைத்தனர். கயிற்றை அறுத்துவிடும்படி வந்த உத்தரவுக்கு ஜார்ஜ் பணியவில்லை என்று பிழைத்தவர்கள் கூறியுள்ளனர். போர்க்காலத்தில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அவர் 1996இல் காலமானார்.

கயிற்றைக் கடந்த டொனால்ட் ஸ்ட்ராட்டனும் லாரன் புரூனரும் ஜார்ஜுக்கு அங்கீகாரம் தர வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார்கள். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் அதற்காக வாஷிங்டன் சென்றார்கள். 2017 டிசம்பர் 7 அன்று, அரிசோனா நினைவகத்தில், ஜார்ஜுக்கு வீரத்துக்கான வெண்கல நட்சத்திரம் வழங்கப்பட்டது. அவர் மகள் பெற்றுக்கொண்டார். ஸ்ட்ராட்டனும் புரூனரும் அங்கே இருந்தார்கள். புரூனர் 2019 செப்டம்பரிலும் ஸ்ட்ராட்டன் 2020 பிப்ரவரியிலும் மறைந்தனர். அந்தக் கயிற்றைக் கடந்தவர்களில் இன்று எவரும் உயிருடன் இல்லை.