திருடனைப் பார்த்ததும் குரல் கொடுக்கும்.. சிசிடிவியுடன் நெட்வொர்க் ஸ்பீக்கர்: என்ன லாபம்?

நள்ளிரவு. குடோன் சுவரை ஒருவர் ஏறிக் குதிக்கிறார். சிசிடிவி கேமரா அதைத் தெளிவாகப் பதிவு செய்கிறது. ஆனால், ஓனர் காலையில் வந்து பார்க்கும்போது பொருள் போயிருக்கும். வீடியோ மட்டும்தான் மிச்சம். குதித்த அந்த நொடியே, "நீங்கள் கேமராவில் தெரிகிறீர்கள், வெளியே போங்கள்" என ஒரு குரல் கேட்டால்? அதற்குத்தான் நெட்வொர்க் ஸ்பீக்கர்.

அப்படின்னா என்ன?

பழைய ஒலிபெருக்கிக்கு ஆம்ப்ளிஃபையர் தனி, வயர் தனி. நெட்வொர்க் ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும். ஐபி கேமரா போலவே இதற்கும் தனி ஐபி முகவரி உண்டு. 'பவர் ஓவர் ஈதர்நெட்' முறையில் ஒரே லேன் கேபிளில் மின்சாரமும் ஒலியும் வந்துவிடும். ஸ்விட்ச்சில் இருந்து 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம்.

என்னென்ன பயன்?

* தானாகப் பேசும்: தடை செய்த இடத்தில் ஆள் நடமாட்டத்தை கேமரா கண்டுபிடித்தால், முன்பே பதிவு செய்த எச்சரிக்கை ஒலிக்கும்.

* நேரடியாகவும் பேசலாம்: "சிவப்புச் சட்டை போட்டவரே" என்று கண்காணிப்பு அறையில் இருந்தே அழைக்கலாம். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் பலர் நிற்க மாட்டார்கள்.

* இடம் பிரித்து அறிவிப்பு: கேட்டுக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு வேறொன்று.

* பழுது தெரியும்: மைக் உள்ள சில மாடல்கள், ஒலி வருகிறதா என்று தாங்களே சோதித்துச் சொல்லும்.

* கரண்ட் போனாலும் வேலை செய்யும்: ஸ்விட்ச்சுக்கு யுபிஎஸ் இருந்தால் போதும்.

புது யோசனையா?

இல்லை. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் கேமராவோடு ஒலிபெருக்கி வைத்து, தெருவில் குப்பை போட்டவர்களை அங்கேயே கண்டித்தார்கள். இதை மேலும் 20 பகுதிகளுக்குக் கொண்டுபோவதாக 2007-ல் பிரிட்டன் அரசு அறிவித்தது.

வாங்கும் முன் கவனிங்க!

* கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களுக்குள்தான் புகுந்தது. ஸ்பீக்கரும் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிதான்.

* திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பெரிய வளாகத்துக்கு ஒன்று போதாது.

* நெட்வொர்க் போனால் கண்காணிப்பு அறையின் குரலும் போகும். தீ விபத்து அறிவிப்புக்கு, அதற்கென சான்று பெற்ற கருவிதான் வேண்டும்.

முக்கியமாக, குரல் கேட்டும் ஒருவர் நகரவில்லை என்றால் அடுத்து யார் போவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வெறும் சத்தம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை யாரும் பயப்பட மாட்டார்கள்.