எல்லைக்கு வெளியே ஓடும் தறிகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள்தொகையும் தொழிலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். 2001-இல் முறையே ஏறத்தாழ 1,22,000 பேர், 73,000 பேர். அந்தப் பத்தாண்டில் தமிழக மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. ராஜபாளையம் ஏழு சதவீத அளவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்று சதவீத அளவிலுமே கூடின. இதை மட்டும் பார்த்தால் இரண்டையும் தேங்கிய ஊர்கள் என்று சொல்லத் தோன்றும். தொழில் தேங்கவில்லை, இடம் மாறியது என்பதே என் வாசிப்பு.

இரண்டில் மூத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். 1875-இலேயே பென்னிங்டன் பெயரில் நூலகம் கண்டது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டமும் 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டமும் உருவானபோது ஆட்சியர் அலுவலகம் இங்கே வரவில்லை. மாவட்ட நீதிமன்றம் மட்டும் இன்றும் இங்கேதான். வழக்குக்கு வருவோரும் கோயிலுக்கு வருவோரும் திரும்பும்போது பால்கோவா வாங்காமல் போவதில்லை. பாலும் சர்க்கரையும் அடுப்பும் பொறுமையுமே மூலதனமான அந்தத் தொழிலுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ராஜபாளையத்தின் கதை பஞ்சில் தொடங்குகிறது. கிழக்கே கரிசல், மேற்கே மலை. 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை வந்தது, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். சம்சாரி வீட்டுப் பிள்ளை சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஷிப்டுக்குப் போகும் வாழ்க்கை இந்த வட்டாரத்தில் வேர்விட்டது. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவும் இவ்வூர்க்காரர். ஆனால் ஊரின் பெயரைப் பெருந்தலைகளோடும் ராஜபாளையம் நாய் இனத்தோடும் நிறுத்திவிடுகிறோம். தறிக்காரர்கள் அதில் வருவதில்லை.

நூற்பு ஊருக்குள் நின்றது, நெசவு நகராட்சி எல்லைக்கு வெளியே போனது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறிகளில் நெய்வது மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணி. சேலைக்குப் பாவு நெருக்கமாக இருக்க வேண்டும். காயத்துணிக்கு இழைகள் விலகி நிற்க வேண்டும். தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியைக் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக அலசி, வெளுத்து, காயவைத்து, வெட்டிச் சுருட்டுகிறார்கள். நெசவுக்குப் பிந்தைய இந்த வேலைகளே தறிக்கு வெளியிலும் பலருக்குக் கூலி தருகின்றன. தெற்கே தளவாய்புரம், செட்டியார்பட்டி பக்கம் நைட்டி தைக்கிறார்கள். அங்கே தையல் மிஷின் ஓடுவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் சிறு கொட்டகையிலும். கூலி உருப்படிக் கணக்கில்.

இரு நகராட்சிகளிலும் 2011-இல் ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகம். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போவது ஒரு காரணமாக இருக்கலாம். பெண்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைப்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டில் தைப்பவரிடம் என்ன வேலை என்று கேட்டால் ‘சும்மா வீட்டுலதான்’ என்பார். கணக்கெடுப்பு ஏட்டில் வேலையில்லாதவராகப் பதிவாக அந்த ஒரு பதில் போதும்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ராஜபாளையத்தில் நூல் வாங்கிச் சத்திரப்பட்டியில் தறி ஓட்டுபவர், 2011 ஏட்டின்படி இன்னமும் ராஜபாளையத்துக்காரர் அல்ல.