வண்டிற்கூலியும் லொறிக்கூலியும்

தேயிலையின் சரித்திரத்தை எழுதுவோர் செடியிலே தொடங்கி ஏலத்திலே முடிக்கின்றனர். மலையிலிருந்து கொழும்புத் துறைமுகம்வரை அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் யார், அவனுக்குக் கிடைத்த கூலி யாது என்ற வினா எழுவதேயில்லை. டிக்கோயாவில் வாழும் நாம் சொந்த லொறிக்காரரின் குறைகளை நாள்தோறும் கேட்கிறோம். அக்குறைகளின் வேரைத் தேடினால் கோப்பிக் காலத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

தேசாதிபதி பார்ன்ஸ் 1820களிலே கொழும்பு–கண்டி வீதியை அமைத்த பின்னரே கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்திலிருந்து வண்டிப் பாதைவரை தொழிலாளி தலையிலே மூட்டை சுமந்தான். அப்பால் இரட்டை மாட்டு வண்டில் சுமந்தது. இறங்கும்போது கோப்பி, ஏறும்போது தொழிலாளரை வாழவைத்த அரிசி. வண்டிற்காரருட் பெரும்பாலோர் கரைநாட்டுச் சிங்களவர். மாடும் வண்டிலும் அவர்தம் முதல்.

துரைமார் விட்டுச்சென்ற ஏடுகளைப் புரட்டினால் இவர்களைப் பற்றிய முறைப்பாடுகளே நிறைந்து கிடக்கின்றன: கூலி அதிகம், தாமதம் அதிகம், வழியிலே கோப்பி களவு போகிறது. 1854 இலே தோட்டத் துரைமார் சங்கம் அமைத்தனர். புகையிரதப் பாதை வேண்டுமென்பது அதன் பெருங்குரல்களுள் ஒன்று. வண்டிற்காரனின் முறைப்பாட்டை எழுதிவைத்தவர் யாருமிலர். ஆயினும் அதனை ஊகிப்பது கடினமன்று. வழியிலே சுங்கம், பருவமழையிலே சேறு, கடுகண்ணாவை ஏற்றம், இவற்றுக்கெல்லாம் மேலாகக் கால்நடைக் கொள்ளைநோய். மாடு விழுந்தால் நட்டம் முழுவதும் அவனுடையது. மாடுகள் குறைந்த காலத்தில் கூலி ஏறியது. அதனைப் பேராசை என்றனர் துரைமார். கோப்பி விலை ஏறியபோது தாம் அடைந்த இலாபத்துக்கு அவர்கள் அப்பெயரைச் சூட்டியதாக நாம் அறியோம்!

புகையிரதப் பாதைக்கென 1845 இலேயே ஒரு கம்பனி தோன்றியது; தனியாரால் இயலாது போக, அரசாங்கமே அதனை ஏற்றுக் கட்டி முடித்தது. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1884 இல் ஹற்றன், 1885 இல் நானுஓயா. விந்தை என்னவெனில், 1869 இலே தலைகாட்டிய இலைநோயால் கோப்பி மடிந்துகொண்டிருந்த வேளையிலேதான் ரயில் ஹற்றனை அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டே கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. கோப்பிக்காகக் கேட்ட பாதை தேயிலைக்குப் பயன்பட்டது.

வண்டிற்காரன் உடனே மறைந்துவிடவில்லை. நெடும்பாதையை இழந்து, தோட்டத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடையிலான குறும்பாதைக்கு ஒதுங்கினான். வேறு வழியற்ற துரையிடம் பேரம் பேசியவன், இப்போது வேறு பிழைப்பற்றவனாகப் பேரம் பேச நேர்ந்தது. எமது எண்ணத்தில், அவன் கூலி வீழ்ந்த கதையின் நடுமுடிச்சு இதுவே.

பின்னர் லொறி வந்தது. நெடும்பாதை மீண்டும் வீதிக்கே வந்து சேர்ந்தது. இன்று தேயிலைப் பெட்டிகளும் பைகளும் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. ஆனால் பேரம் பேசும் பலம் திரும்பி வரவில்லை. ஒற்றை லொறியைத் தவணைக் கடனில் வாங்கியவன், பாரம் கிடைக்குமிடத்திலே சொல்லப்படும் கூலிக்கு இசைய வேண்டும். அவன் மறுத்தால் அடுத்த லொறி நிற்கிறது. திரும்பும்போது பாரம் கிடையாவிட்டால் வெறும் லொறி மலையேறும். அந்த டீசலுக்குக் கூலி தருவார் இல்லை.

2021 இலே அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. மேலே ஏறும் பாரங்களில் ஒன்று அருகியது. மறு ஆண்டு கீழே இறங்கும் பாரமும் குறைந்தது: 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடியளவிற்கு வீழ்ந்தது. அதே 2022 இன் தொடக்கத்தில் 121 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. டீசல் விலை நள்ளிரவிலே ஏறும். கூலியோ பேசித்தான் ஏற வேண்டும்.

பின்னர் பங்கீடு வந்தபோது லொறிக்கு வாரம் 50 லீற்றர் என்றனர். ஹற்றனிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பாரமேற்றிய லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் என்று தாராளமாகவே கணக்கிடுவோம். 50 லீற்றருக்கு 200 கிலோமீற்றர். போய்வர வேண்டியது 260. லொறி திரும்பும் வழியிலே, அவிசாவளையைத் தாண்டிய சிறிது தூரத்தில், அவ்வாரத்துப் பங்கு தீர்ந்துவிடும். மலையேற்றம் அங்கேதான் தொடங்குகிறது.