அலங்காநல்லூர்

அலங்காநல்லூர், இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில் மதுரை மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். வேளாண்மை சார்ந்த இவ்வூர், பொங்கலையொட்டி நடைபெறும் சல்லிக்கட்டால் உலகப் புகழ் பெற்றது.

சல்லிக்கட்டு

ஆண்டுதோறும் தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு ஆகிய ஊர்களை அடுத்து இங்கு சல்லிக்கட்டு நடைபெறுகிறது. வாடிவாசலிலிருந்து முதலில் கோயில் காளைகள் அவிழ்த்து விடப்படும். இவற்றை எவரும் பிடிப்பதில்லை. அடுத்து வரும் காளைகளின் திமிலைப் பற்றிக்கொண்டு குறித்த தொலைவு செல்பவர் வென்றவராவார். பிடிபடாத காளையின் உரிமையாளருக்குப் பரிசு வழங்கப்படும்.

தடையும் மீட்பும்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. இதனால் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வாடிவாசல் திறக்கப்படவில்லை. 2017 சனவரியில் இங்கு தொடங்கிய போராட்டம், சென்னை மெரீனா கடற்கரை உட்படத் தமிழகமெங்கும் பரவியது. மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. எனினும், நிலையான சட்டம் வேண்டும் என்று கோரிய ஊர்மக்கள், சனவரி 22 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் தொடங்கி வைக்கவிருந்த போட்டியை நடத்த மறுத்தனர். மறுநாள் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. பிப்ரவரி 10 அன்று காளைகள் மீண்டும் களமிறங்கின. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

2024 சனவரியில் அருகிலுள்ள கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. எனினும், பொங்கல் சல்லிக்கட்டு ஊரின் பழைய வாடிவாசலிலேயே நடைபெற்று வருகிறது.