செவி பொத்தும் குழந்தை: ஒரு பெங்களூரு ஆய்வின் முன்வரலாறு

1943ஆம் ஆண்டில் ஒன்றையொன்று அறியாத இரு கட்டுரைகள் வெளிவந்தன. பால்டிமோரில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்னும் நோய்க்கூறு அதிலிருந்தே உருப்பெற்றது. இங்கிலாந்தில் மார்ட்டினும் ஜூலியா பெல்லும் ஒரு குடும்பத்தின் ஆண்களிடையே வழிவழியாக வந்த அறிவுவளர்ச்சிக் குறைபாட்டைப் பதிவுசெய்தனர். இன்று அது ஃப்ரஜைல் எக்ஸ் எனப்படுகிறது. ஒற்றை மரபணுவால் ஆட்டிசம் தோன்றும் நிலைகளில் பெரிதும் ஆராயப்பட்டது அதுவே.

வாக்குவம் கிளீனர், ஓடும் நீர், மின்தூக்கி, ஏன், காற்றுகூட அக்குழந்தைகளை அச்சுறுத்தியதைக் கேனர் குறித்துவைத்தார். ஆயினும் ஒலியே அவர்களை வருத்துகிறது என்று அவர் கொள்ளவில்லை. தம் தனிமை குலைவதையே அவர்கள் அஞ்சுவதாகப் பொருள் கண்டார். அதே குழந்தை தானே பேரொலி எழுப்பி மகிழ்வதை அவர் சான்றாகக் காட்டினார். புலன்சார் மிகையுணர்வும் குறையுணர்வும் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் ஆட்டிச அளவுகோல்களுள் தெளிவான இடம்பெற 2013 ஆயிற்று. குக்கர் விசிலுக்குச் செவி பொத்தி அலறும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அதட்டிய பெற்றோரை மட்டும் குறைசொல்வது நியாயமன்று.

ஃப்ரஜைல் எக்ஸ் நிலைக்குக் காரணமான மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. 2004இல் மார்க் பேர், கிம்பர்லி ஹியூபர், ஸ்டீபன் வாரன் ஆகியோர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர்: அம்மரபணு ஆக்கும் புரதம் இல்லாதபோது, ஒருவகைக் குளுட்டமேட் ஏற்பியின் செயல்விளைவுகள் கட்டுமீறுகின்றன, ஆகவே அவ்வேற்பியைத் தடுத்தால் பயன் விளையும். இதற்கான முதன்மைச் சான்று நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸிலிருந்து வந்தது. அங்கே நரம்பிணைப்புகள் அளவுமீறி நலிந்தன.

மூளையின் பிற பகுதிகளிலும் அப்படித்தானா? பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, நியூயார்க்கின் எரிக் கிளானுடன் இணைந்து இவ்வினாவை அமிக்டலாவில் எழுப்பியது. அவர்கள் ஆராய்ந்தது தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்குச் செல்லும் இணைப்பு. ஒலி அச்சமாக மாறும் வழிகளுள் ஒன்று அது. 2010இல் வெளியான முடிவு எதிர்பாராதது. மரபணு நீக்கப்பட்ட எலிகளில், அதே வகை ஏற்பி தூண்டும் வலுப்பெறும் திறனே அங்குக் குன்றியிருந்தது. ஏற்பியைத் தடுக்கும் மருந்து நரம்புச்செய்தி வெளியீட்டிலிருந்த குறையைச் சரிசெய்தது. வலுப்பெறும் திறனை மீட்கவில்லை. ஒரே மரபணு இழப்பு, இரு பகுதிகளில் இரு வேறு பழுதுகள்.

அத்தகைய மருந்தொன்றை மனிதர்களிடம் சோதித்த பெரும் ஆய்வுகள் 2014இல் கைவிடப்பட்டன. வெற்று மாத்திரையைவிட அது மேலான பயன் தரவில்லை. பெங்களூரு ஆய்வு இதை முன்னறிவித்தது என்பது மிகை. எலி வேறு, சிறுவன் வேறு. எனினும் மூளை முழுவதற்கும் ஒரே பழுது என்ற எண்ணத்தை அது முன்பே ஐயுற்றிருந்தது. மூளைப் படமாக்கலும் இதே சிக்கலில்தான் வந்து நின்றது: 2004இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இணைப்புக் குறைவு பேசப்பட்டது, 2013இல் குழந்தைகளிடம் இணைப்பு மிகை பேசப்பட்டது.

2019இல் எடின்பரோவும் பெங்களூருவும் இணைந்த ஆய்வொன்றில், இளம் எலிகளுக்குச் சில வாரங்கள் மட்டும் தரப்பட்ட லோவாஸ்டாடின், நிறுத்திய பின்னரும் மாதக்கணக்கில் கற்றல் குறையைத் தடுத்தது. அங்கே அளக்கப்பட்டது நினைவாற்றல், ஒலியச்சம் அன்று.