படகும் இரயிலும் விட்டுச்சென்ற பாதைகள்

பிரான்சு நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் சுற்றிவந்தோர் எழுதும் குறிப்புகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: அமைதி. கால்வாய்க் கரையோரம் நாள் முழுதும் சென்றாலும் ஒரு மோட்டார் வாகனம் எதிர்ப்படுவதில்லை. பாதை மேடேறினாலும் ஏறுவது தெரியாத அளவுக்கு மென்மையாக ஏறுகிறது. நூறாண்டு கண்ட மரங்கள் நிழல் தருகின்றன. இவையெல்லாம் அந்நாட்டுக்கு இயற்கையாக வாய்த்த கொடை என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். நாம் அப்படிக் கருதவில்லை. அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் போரும் சிறையும் தேர்தலும் கடனும் இடம்பெறுகின்றன. பயணக் கையேடுகள் இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதால், இங்கே சற்று விரிவாகவே பார்ப்போம்.

நாட்டின் மேற்கு மூலையிலுள்ள பிரிட்டனிப் பகுதியில் நாந்த் நகரையும் பிரெஸ்ட் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாய் இருக்கிறது. அதன் நீளம் 364 கிலோமீட்டர். இன்று அதன் கரைப்பாதையின் பெரும்பகுதி மிதிவண்டிக்காரர்களுக்கும் நடப்போருக்கும் உரியது. இக்கால்வாயைத் தோண்டத் தூண்டியது ஆங்கிலேயக் கடற்படை. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலக் கப்பல்கள் பிரெஸ்ட், லோரியான் ஆகிய போர்த்துறைமுகங்களை முற்றுகையிட்டு நின்றன. கடல்வழியே தளவாடம் அனுப்ப இயலாத நிலையில், நிலத்தின் நடுவே ஒரு நீர்வழி வேண்டும் என்று முடிவாயிற்று. 1811இல் பணி தொடங்கியது. பேரரசு வீழ்ந்ததும் நின்றது. 1822இல் கடன் திரட்டி மீண்டும் தொடங்கினார்கள். முழுநீளமும் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தது 1842இல். அதற்குள் நெப்போலியன் இறந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆங்கிலேயருடன் போரும் இல்லை. எந்த அச்சத்துக்காகத் தோண்டினார்களோ அந்த அச்சம் நீங்கிய பிறகே கால்வாய் கைக்கு வந்தது.

அதன் மிகக் கடினமான பகுதி க்ளோமெல் என்னும் ஊரருகே இருக்கிறது. இரண்டு நதிகளின் நீர்ப்பிடிப்புகளைப் பிரிக்கும் மேட்டை அங்கே அறுத்துச் செல்லவேண்டியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம்; சில இடங்களில் 20 மீட்டருக்கும் மிகுந்த ஆழம். 1823 முதல் 1832 வரை அந்த அகழியைத் தோண்டியவர்கள் கைதிகள். படையிலிருந்து தப்பியோடிப் பிடிபட்டவர்களையும் தண்டனை பெற்ற சிப்பாய்களையும் அங்கேயே முகாம் அமைத்து அடைத்துவைத்து வேலை வாங்கினார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியுமே அவர்களுடைய கருவிகள். இன்று அந்த இடம் கால்வாயின் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று. இருமருங்கும் சரிவாக உயரும் கரைகளில் மரங்கள் அடர்ந்து, நண்பகலிலும் பச்சை ஒளியே விழுகிறது. அங்கே வண்டியை நிறுத்தி இளைப்பாறுவோர் அந்தச் சரிவுகள் மனிதர் கையால் வெட்டப்பட்டவை என்பதை ஒரு கணமேனும் நினைத்துக்கொள்வது நல்லது.

கரைப்பாதை உல்லாசத்துக்காகப் போடப்பட்டதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். படகைக் கயிறு கட்டி இழுப்பதற்கான தடம் அது. வசதியுள்ளவன் குதிரையைக் கொண்டு இழுத்தான். இல்லாதவன் தானே தோளில் வார் மாட்டி இழுத்தான். மனைவியும் பிள்ளைகளும் உடன் இழுத்தார்கள். நாட்டின் நடுவே, பெர்ரி என்னும் பகுதியிலுள்ள கால்வாய் மிகக் குறுகலானது. அங்கு ஓடிய ஒடுக்கமான படகுகளை ஒரு கழுதை இழுத்தது. இரவில் அந்தக் கழுதைக்குப் படகிலேயே ஒரு கொட்டில். குடும்பம் உறங்கும் அறை அதற்குச் சற்று அப்பால். 1955இல் அந்தக் கால்வாயே அரசின் நீர்வழிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில்தான் அதன் கரையில் மிதிவண்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். பாதை சமதளமாக இருப்பதேன் என்று வியப்போருக்கு விடை எளிது: ஒரு கழுதை நாள் முழுதும் இழுக்கத்தக்க வழியில் மிதிவண்டிக்கு என்ன இடர் இருக்கமுடியும்?

கால்வாய்களைத் தோற்கடித்தது இரயில். பாரீசிலிருந்து இருப்புப்பாதை 1865இல் பிரெஸ்டை எட்டியது. நாந்த்-பிரெஸ்ட் கால்வாயில் அதன்பின்னும் கற்பலகை, மணல், வயலுக்கான சுண்ணாம்பு முதலியவை சென்றன என்றாலும், அது உள்ளூர்ப் போக்குவரத்தாகவே சுருங்கியது. வென்ற இரயிலின் கதையும் ஏறக்குறைய அவ்வாறே முடிந்ததுதான் விந்தை.

1878இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் தெ ஃப்ரெய்சினே ஒரு மாபெரும் திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வொரு துணைமாவட்டத் தலைநகருக்கும் இரயில் எட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். 1879இல் நிறைவேறிய சட்டம் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர் புதிய இருப்புப்பாதைக்கு வழிவகுத்தது. பொருளாதாரக் கணக்கைக் காட்டிலும் அரசியல் கணக்கே இதில் பெரிது என்று நாம் கருதுகிறோம். மூன்றாம் குடியரசு அப்போது இளையது. நாட்டுப்புறத்தாரோ மன்னராட்சியையும் பாதிரியாரையும் நம்பியவர்கள். இரயில் நிலையம் ஒன்று வந்துவிட்டால் குடியரசும் ஊருக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. இவற்றைத் ‘தேர்தல் தடங்கள்’ என்று எள்ளி நகைத்தவர்களும் உண்டு. எனினும் அவ்வூர்களுக்கு இது நகையாட்டு அல்ல. முட்டையும் வெண்ணெயும் நகரச் சந்தைக்குப் போனதும், பட்டாளத்துக்கும் பாரீசின் வீட்டுவேலைக்கும் இளையோர் புறப்பட்டதும் அந்தச் சிறிய நிலையங்களிலிருந்துதான். ஊரைச் செழிக்கவைக்க வந்த இரயில் ஊரின் மக்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

பேருந்தும் லாரியும் பெருகிய 1930களில் இச்சிறு தடங்கள் நட்டத்தில் மூழ்கின. 1938இல் இரயில்வே தேசியக் கழகம் உருவானபோதே பல தடங்களில் பயணிகள் வண்டி நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் மூடல் இன்னும் விரைந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்பாக விற்றார்கள். நிலைய அதிபரின் வீட்டைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். தடம் மட்டும் முட்புதர் மூடிக் கிடந்தது.

இதே காலத்தில் மிதிவண்டிக்காரனுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. பிரான்சின் மிதிவண்டிச் சுற்றுலாவுக்குத் தந்தை என்று போற்றப்படுபவர், ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய போல் தெ விவி (1853-1930). செந்த்-எத்தியென் நகரில் 1887 முதல் இதழ் நடத்தி, பந்தயத்தை விடுத்துச் சுற்றிப்பார்ப்பதற்காக வண்டி ஓட்டுங்கள் என்று ஓயாது வலியுறுத்தியவர். மலையேற உதவும் பல்விசை மாற்றியை ஆதரித்துப் பெரும் வாதம் செய்தவரும் அவரே. ‘தூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடைத்ததோ அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1937இல். அவருடைய இளமையில் நெடுஞ்சாலைகளே அமைதியாக இருந்தன. தனிப்பாதை எதற்கும் தேவை இருக்கவில்லை. அவர் இறந்தது தம் ஊரின் தெருவில், டிராம் வண்டி மோதி. அப்போது கையில் செனெகாவின் கடிதங்கள் இருந்ததாகச் சொல்வதுண்டு. 1936இல் ஊதியத்துடன் கூடிய இருவார விடுமுறை சட்டமானபோது, இருவர் மிதிக்கும் வண்டிகளில் ஆலைத் தொழிலாளர் கடலைப் பார்க்கக் கிளம்பியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் போருக்குப் பின் சாலைகள் முற்றிலும் மோட்டார்களின் உடைமையாயின. கால்வாய்க் கரைக்குப் போகலாம் என்றாலோ, அங்கே வண்டி ஓட்ட நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதே நெடுங்காலம் விதி.

திருப்பம் 1997இல் வந்தது. பர்கண்டிப் பகுதியில் கிவ்ரி முதல் க்ளூனி வரை கைவிடப்பட்ட இரயில் தடத்தின்மீது 44 கிலோமீட்டருக்குத் தார்ப்பாதை போட்டார்கள். ‘பசுமைவழி’ எனப்படும் இவ்வகைப் பாதைகளுள் பிரான்சில் முதலாவதாகக் கொள்ளப்படுவது இது. அப்பால் மாக்கோன் நோக்கிச் செல்கையில் 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று குறுக்கிடும். குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்குவதால் அதை அடைத்துவிடுகிறார்கள். மிதிவண்டிக்காரன் மலைமேலேறிச் சுற்றிவரவேண்டியதுதான். 2004இல் அரசாணை ஒன்று பசுமைவழிக்குச் சட்டத்தில் இலக்கணம் வகுத்தது: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்போருக்கும் குதிரையேறிகளுக்கும் மட்டுமே உரிய வழி.

பசுமைவழிகளால் ஊர்கள் மீண்டும் தழைத்துவிட்டன என்று கூறும் விளம்பரங்களை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. பழைய நிலையத்தில் ஒரு தேநீர்க்கடை திறந்திருக்கலாம். மடைக்காவலரின் வீட்டில் விருந்தினர் தங்கலாம். மூடிய பள்ளிக்கூடமும் ரொட்டிக்கடையும் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. பயணிக்கு இனிக்கும் அமைதி, வண்டி ஓட்டத் தெரியாத ஒரு முதியவளுக்கு மருத்துவரிடம் போக வழியில்லாத நிலையாகவும் இருக்கிறது.

பிரிட்டனிக் கால்வாயின் நடுவில் ஓரிடத்தில் இந்த வரலாறு முழுதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. 1923இல் தொடங்கி 1930இல் இயங்கத் தொடங்கிய கெர்லெதான் மின் அணை, கால்வாயை இரண்டாகத் துண்டித்தது. 17 மடைகளும் அவற்றின் காவல் வீடுகளும் நீரில் மூழ்கின. அதனால் மிதிவண்டிப் பாதை அங்கே கரையை விட்டு விலகி, 1967இல் மூடப்பட்ட குறுகிய இரயில் தடத்தின் வழியே ஏரியைச் சுற்றிக்கொண்டு சென்று குவாரெக் என்னும் ஊரில் மீண்டும் கால்வாயை அடைகிறது. 2015இல் பராமரிப்புக்காக ஏரியை வற்றச்செய்தார்கள். சேற்றுவெளியின் நடுவே மடைகளும் கூரையிழந்த வீடுகளும் தோன்ற, அவற்றைக் காண அவ்வாண்டில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் வந்தனர். படகை இழுத்தவர்கள் நடந்த தடம் ஒரு சாம்பல்நிறக் கோடாக அங்கே தெரிந்தது. பின்னர் ஏரியை மீண்டும் நிரப்பினார்கள்.