ஆறு மாதம்: போன பிரிவு திரும்பி வந்த கதை

விடிவதற்கு முன் சாலை பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரை லாரி அடித்துவிட்டால், மறுநாள் நாளிதழில் நான்கு வரி வரும். அதன் பிறகு ஆஸ்பத்திரி, வட்டிக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அந்தக் குடும்பம் அலையும். "நஷ்டஈட்டுக்கு கேஸ் போட்டீங்களா?" என்று யாராவது கேட்கும்போது பெரும்பாலும் ஆறு மாதம் ஓடிப்போயிருக்கும்.

ஏன் ஆறு மாதம்? 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் திருத்தம் செய்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களைக் கொண்டுவந்தபோது, மனுப்போட வெறும் 60 நாள்தான் தந்தார்கள். பிறகு அது ஆறு மாதமானது. தக்க காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்கவும் இடமிருந்தது. 1988இல் வந்த புதிய சட்டம் 166(3) பிரிவில் அந்த இடத்தையும் சுருக்கியது. என்ன காரணம் சொன்னாலும் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

இதனால் மனுக்கள் குப்பைக்குப் போயின. 1990 டிசம்பரில் நடந்த ஒரு விபத்துக்கான மனு, 12 மாதம் முடிந்து சில நாள் கழித்துத் தாக்கலானது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் கைவிரித்தன. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 1994இல் நாடாளுமன்றம் 166(3)ஐ அடியோடு நீக்கிவிட்டது. 1996இல் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், பழைய விபத்துகளுக்கும் இந்த நீக்கம் பொருந்தும் என்றது. இழப்பீடு கேட்பவர்களில் பெரும்பாலோருக்குக் காலக்கெடு இருப்பதே தெரியாது, சம்பாதித்தவர் போனபின் பல குடும்பங்கள் தெருவில் நிற்கின்றன என்பதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏற ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆனது.

அந்த வெற்றியை 2019 திருத்தச் சட்டம் பறித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் ஆறு மாதம். இந்த முறை தாமதத்தை மன்னிக்கும் வாசகமே இல்லை. அதாவது 1956ஐவிட ஒரு வகையில் மோசம். காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நம் தெரு ஆள் அடிபட்டால் காவல் நிலையம் எவ்வளவு வேகமாக அறிக்கை எழுதும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கெடு என்பது இயற்கை விதியல்ல. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தின் 10ஆம் பிரிவு, குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும் என்கிறது. அது குற்றவழக்குக்கான கெடு. ஆனால் 2014 மார்ச்சில் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 21 ஆண்டு பின்னோக்கிப் போக முடிந்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமானது.

புதிய 166(3)ஐ எதிர்த்த வழக்குகளும் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. அவை முடியும்வரை தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் தீர்ப்பாயங்களுக்கு இடைக்கால உத்தரவு போயிருக்கிறது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று கைவிட்ட வழக்கு உங்கள் தெருவில் இருந்தால், எஃப்.ஐ.ஆர். நகலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் இலவசம்.